வாஷர் மாலையும் அத்தையின் கம்மலும்

கூட்டம் முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வந்த மாணவித் தோழரின் கழுத்தில் வாஷர் மாலை. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பித்தளை வாஷர்களை உப்புத்தாளால் தேய்த்து, செம்புக் கம்பியில் தானே கோத்தது. அழகுதான். "தங்கத்துக்கு எதிரான கலகம் தோழர்" என்றார்.

1940 வாக்கில் அமெரிக்காவில் ஆனி ஆல்பர்ஸும் அலெக்ஸ் ரீடும் வாஷர், கொண்டை ஊசி, சிங்க் சல்லடையெல்லாம் வைத்து நகை செய்து கண்காட்சியே நடத்தினார்கள். மதிப்பு பொருளின் விலையில் இல்லை என்பது அவர்கள் வாதம். சரி. ஆனா 1930இல் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு விதித்த எட்டுத் தடைகளில் முதலாவதே, பொன் வெள்ளி நகை போடக்கூடாது என்பது! 1915இல் கொல்லத்தில், அய்யன்காளி சொல்லி, புலையப் பெண்கள் சாதி அடையாளமான கல்மாலையை அறுத்தெறிந்தார்கள். தங்கப் பைத்தியம் பிடித்த சமூகத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். மறுக்கப்பட்டவளிடம் போய்த் துறவு பேசாதீர்கள்.

நான் நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவன். வாஷரை நீட்டினால் அப்ரைசர் உரைகல்லைக் கையிலேயே எடுக்க மாட்டார். அத்தை தன் ஒரு பவுன் கம்மலை வைத்துத்தான் மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டினாங்க. இன்னும் திருப்பலை. காதில் ஈர்க்குச்சி.

தோழர் மாலையைக் கழற்றி அத்தைக்கே கொடுத்தார். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கழுத்திலேயே திரும்பப் போட்டுவிட்டாங்க.

"உனக்குத்தான் கண்ணு நல்லாயிருக்கு. எனக்குக் கம்மலத் திருப்ப வழி பாருங்க."