பெட்டூனியா: ராசியா, காலமா?

கங்காதர நெல்லூர்ப் பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாசி மாதத்தில் சித்தூர் போனால், பூத்துக் குலுங்கும் பெட்டூனியாத் தொட்டி இரண்டை வாங்கி வருவோம். சித்திரையில் அது கருகியதும், “நம் வீட்டுக்குப் பூச்செடி ராசியில்லை” என்று தொட்டியைக் கவிழ்ப்போம். நானும் இரண்டு வருடம் கவிழ்த்தவன்தான். விற்றவர் வருடம் முழுக்கப் பூக்கும் என்றார், நம்பினேன்.

ராசி மேல் பழி போடாதீர்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் விதைப் பாக்கெட்டில் கோடைப் பூ என்று இருக்கும். அது அவர்கள் கோடை. நம் சமவெளியில் இது பனிக்காலப் பூ. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதழ் அழுகிவிடும். ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் தாழ்வாரத்தில் விதைத்து, மழை ஓய்ந்த பின் டிசம்பரில் தொட்டிக்கு மாற்றினால் தை மாதம் பூ பார்க்கலாம்.

விதையோ தூசு; ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும். மண் போட்டு மூடக்கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். மணலில் கலந்து தூவி, அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி ஈரம் கீழிருந்து ஏற விடுங்கள். மேலே ஊற்றினால் விதை ஓடிவிடும் (என் முதல் பாக்கெட் அப்படித்தான் போயிற்று). நாற்று நாலு விரற்கடை வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். வாடிய பூவைக் காம்போடு கிள்ள வேண்டும். காய் பிடித்தால் பூ குறையும்.

இன்னொன்று. ‘பெட்டுன்’ என்பது தென் அமெரிக்கப் பழங்குடியினர் புகையிலைக்கு வைத்த பெயர். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கும் இது பங்காளி. பீடி பிடித்த கையால் தொட்டால் புகையிலைத் தேமல் நோய் ஒட்டக்கூடும். தக்காளி நட்ட மண்ணும் தொட்டிக்கு வேண்டாம்.

“தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது, வாசனையும் கிடையாது. இதற்கு இத்தனை பாடா?” என்பார் என் தாயார். மூன்றாவதை மட்டும் மறுக்கிறேன். வெள்ளைப் பூக்களில் சில, இருட்டியதும் மணக்கும். மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் மூன்று ஊரில் வாடகை வீட்டு வாசலில் மல்லிகை வைத்து, மாற்றலில் மூன்றையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா?

இந்த முறை வெள்ளை விதை மட்டுமே போடப்போகிறேன். மிஞ்சும் நாற்றுகளை டிசம்பரில் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வருவேன். தொட்டி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.