மில்வாக்கியின் விளையாட்டுத் திடல்கள்

1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர், நகரத்து விளையாட்டுத் திடல்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று பார்க்கப் போனார். பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து அவற்றை நடத்தின. மற்றவற்றில் ஒத்துப்போன இரு தரப்பும் பணம் என்று வந்ததும் முட்டிக்கொண்டன. திடலின் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது, பிள்ளைகளை விளையாட வைக்கும் பணியாளர்களின் சம்பளத்துக்கு எவ்வளவு? கடைசி டாலர் எந்தப் பக்கம் கூடுதல் பயன் தருமோ அந்தப் பக்கம் கொடு என்றது அவர் படித்த பொருளியல். திடலில் யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லை. அதற்கு வேண்டிய தகவலும் எவரிடமும் இல்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்ததையே ஒவ்வொருவரும் பொதுநலம் என்று மனதார நம்பினார்கள்.

அந்த மாணவர் ஹெர்பர்ட் சைமன். 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் அதற்கு மூன்றாண்டு முன்பு கணினியியலில் டூரிங் விருதும் பெற்றவர். பரிசுகளைச் சொல்லும்போது அவர் பொது நிர்வாகவியல்காரர் என்பதை அத்துறையில் இருக்கும் நாமே மறந்துவிடுகிறோம். சிகாகோவில் கிளாரன்ஸ் ரிட்லியுடன் நகராட்சிப் பணிகளை அளக்கும் முறைகளைப் பற்றி எழுதினார். பெர்க்லியில் இருந்தபோது கலிஃபோர்னியாவின் நிவாரண அலுவலகங்களில், ஒரு பணியாளருக்கு எத்தனை குடும்பங்களை ஒப்படைப்பது என்பதைச் சோதித்துப் பார்த்தார். 1947இல் ‘நிர்வாக நடத்தை’ நூல் வந்தது. 1949 முதல் 2001இல் இறக்கும்வரை பிட்ஸ்பர்க்கின் கார்னகி நிறுவனம்தான். துறைகள் மாறினாலும் கேள்வி மாறவில்லை: எல்லாவற்றையும் அறிய முடியாத மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்? கிடைத்த வழிகளில் போதுமானது ஒன்று தட்டுப்பட்டதும் தேடலை நிறுத்திக்கொள்கிறார் என்பது அவர் கண்ட பதில்.

நம் துறைக்கு அவர் கொடுத்த அடி 1946இல் எழுதிய ‘நிர்வாகப் பழமொழிகள்’ கட்டுரை. அவசரப்படுகிறவரிடம் ‘பதறாத காரியம் சிதறாது’ என்கிறோம். தயங்குகிறவரிடம் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்கிறோம். எது நடந்தாலும் பொருத்தமான பழமொழி கிடைக்கும். முன்கூட்டி முடிவெடுக்க எதுவும் உதவாது. நிர்வாகக் கோட்பாடுகளும் இப்படியே சோடி சோடியாக மோதுகின்றன என்று காட்டினார். ஓர் அதிகாரியின் கீழ் சிலரே இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. படிநிலைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விதியைப் பின்பற்றினால் அடுக்குகள் கூடும், கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கும். இரண்டாவதைப் பின்பற்றினால் மேலதிகாரி திணறுவார். இவற்றைத் தூக்கியெறியச் சொல்லவில்லை அவர். எந்தச் சூழலில் எதற்கு எவ்வளவு எடை என்று கள ஆய்வில் கண்டுபிடியுங்கள் என்றார்.

அவர் சொன்ன எல்லாமே எனக்கு உடன்பாடல்ல. உண்மையையும் விழுமியத்தையும் தனித்தனியே பிரித்துக்கொண்டால் நிர்வாகத்தை அறிவியலாக்கலாம் என்ற அவரது நம்பிக்கையை 1952இல் பொது நிர்வாகவியல் அறிஞர் டுவைட் வால்டோ எதிர்த்தார். விவாதம் கடுமையாகவே நடந்தது. என் மனம் வால்டோ பக்கம் சாய்கிறது. நிவாரணம் கேட்டு வரிசையில் நிற்பவரிடம் என்ன சான்று கேட்பது என்பதிலேயே விழுமியம் வந்துவிடுகிறதே.

ஆனாலும் நம் இதழுக்கு வரும் கட்டுரைகளைப் படிக்கையில் சைமனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ‘அதிகாரத்தைப் பரவலாக்க வேண்டும்’, ‘ஒருங்கிணைப்பை வலுப்படுத்த வேண்டும்’ என்ற இரண்டு பரிந்துரைகளும் ஒரே கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. எந்த அலுவலகத்தில், எந்த முடிவை, யாருடைய மேசையிலிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பது என்று இல்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளை இனி அந்த விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். பிரிவு எழுத்தரும் கண்காணிப்பாளரும் தாங்கள் ஒரு முடிவெடுத்த நாளை உள்ளபடி எழுதி அனுப்பினால், மேற்கோள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், முன்பக்கங்களில் வெளியிடுவோம்.