எஃப்/2 லென்ஸுக்கு ஏழாயிரம் டாலரா?

ஏப்போ-சம்மிக்ரான்-எம் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸை லைக்கா நிறுவனம் 2012 மே 10 அன்று பெர்லினில் அறிவித்தது. அமெரிக்காவில் அதன் அன்றைய விலை 7,195 டாலர். அறிவிப்பின் சூடு ஆறும் முன்பே புகைப்படக்காரர்கள் பலர் தீர்ப்பை எழுதிவிட்டார்கள்: இது கண்ணாடிக்கான விலை அல்ல, கேமராவின் முகப்பில் இருக்கும் சிவப்புப் புள்ளிக்கான விலை. அவர்கள் சொன்ன கணக்கு எளிமையானது. அதே நிறுவனத்தின் 50 மி.மீ. எஃப்/1.4 சம்மிலக்ஸ் அன்று ஏறத்தாழ 4,000 டாலருக்குக் கிடைத்தது. சாதாரண எஃப்/2 சம்மிக்ரான் அதிலும் ஏறக்குறையப் பாதி விலைதான். சம்மிலக்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் பாதியை மட்டுமே விடும் ஒரு லென்ஸுக்கு, சம்மிலக்ஸைப் போல் இரண்டு மடங்கை நெருங்கும் விலை என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? இந்தக் கருத்து இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை ஓசையே தருவதில்லை.

அபர்ச்சர் பெரிதாகப் பெரிதாக விலை ஏறும் என்பது கேமராக் கடையில் எல்லோரும் பழகிய கணக்கு. எஃப்/1.8 மலிவு, எஃப்/1.4 கொஞ்சம் கூடுதல், எஃப்/1.2 என்றால் கையைக் கடிக்கும். ஒரே தரத்தில் திருத்தப்பட்ட லென்ஸ்களுக்குள் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது ஒன்று, வந்த வெளிச்சம் எவ்வளவு சரியாக ஒரு புள்ளியில் சேர்கிறது என்பது வேறு. துளையின் விட்டம் கூடும்போது கோளப்பிறழ்ச்சியால் உண்டாகும் மங்கல் அதன் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. எனவே வடிவமைப்பாளர் தன் கையில் இருக்கும் கண்ணாடிகளை வெளிச்சத்துக்காகச் செலவிடலாம், அல்லது திருத்தத்துக்காகச் செலவிடலாம். 2004இல் வந்த சம்மிலக்ஸில் ஐந்து தொகுதிகளாக எட்டு வில்லைகள் உள்ளன. ஏப்போ-சம்மிக்ரானிலும் ஐந்து தொகுதிகளில் எட்டே வில்லைகள். இரண்டும் லைக்காவின் ஒளியியல் வடிவமைப்பாளர் பீட்டர் கார்பேயின் பொறுப்பில் உருவானவை. முதலாவதில் அந்த எட்டில் பெரும்பகுதி எஃப்/1.4ஐ எட்டுவதற்கே போயிற்று. இரண்டாவதில் எஃப்/2 என்ற எளிய இலக்கை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த திறன் அனைத்தும் பிறழ்ச்சிகளைக் களைவதற்குப் போயிற்று.

பழைய சம்மிக்ரானோடு ஒப்பிடுவதும் இதனால்தான் பிசகுகிறது. அதன் ஒளியியல் 1979ஐச் சேர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மிட்லண்டில், அன்று லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனத்துக்கு இருந்த ஆலையில் வால்ட்டர் மான்ட்லர் வகுத்தது அது: நான்கு தொகுதிகளில் ஆறு வில்லைகள். ஸைஸ் நிறுவனத்துக்காக பால் ருடால்ஃப் 1896இல் வடிவமைத்த பிளானாரின் வழிவந்த அமைப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையில் நீடித்ததே அது எவ்வளவு நல்ல லென்ஸ் என்பதற்குச் சான்று. ஆனாலும் அது குறைந்த கண்ணாடியில் நிறைந்த பயன் பெறும் நோக்கில் செய்யப்பட்டது. முழுக்கத் திறந்த நிலையில் ஓரங்கள் இளகிவிடும். இரண்டு லென்ஸ்களையும் அருகருகே வைத்தால் புறத்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் 39 மி.மீ. ஃபில்டர்தான் பொருந்தும். புதியது ஏறத்தாழ 300 கிராம், அதாவது கருப்புநிறப் பழைய சம்மிக்ரானைவிட அறுபது கிராம் போலக் கூடுதல். எஃப்/2 என்ற எண்ணையும் உருவத்தையும் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த வாதம் அனுபவசாலிகளிடமிருந்து வருவது: எந்த லென்ஸையும் எஃப்/8க்குச் சுருக்கிவிட்டால் எல்லாம் ஒன்றே. இதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. கோளப்பிறழ்ச்சி சுருங்கும், வளைந்த குவியப்பரப்பின் தொல்லை மறையும். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தைவிடச் சற்றுப் பெரிய பிம்பமாக விழும் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி, துளையைச் சுருக்கினாலும் போகாது. அதோடு ஒளியின் விளிம்பு விலகல் வேறு குறுக்கே நிற்கிறது. எஃப்/2இல் அதனால் விரியும் புள்ளியின் விட்டம் 3 மைக்ரானுக்கும் குறைவு. எஃப்/8இல் அது 10 மைக்ரானைத் தாண்டிவிடும். அன்றைய லைக்கா எம்9இன் ஒரு பிக்ஸலே 6.8 மைக்ரான்தான். ஆகவே எஃப்/8இல் எல்லாம் ஒன்றாகத் தெரிவதற்கு, நல்ல லென்ஸும் அங்கே கொஞ்சம் கீழிறங்கி வருவதும் ஒரு காரணம். எஃப்/2 என்பதை அவசரத்துக்கு மட்டும் தொடும் எண்ணாக வைக்காமல், படம் எடுப்பதற்கான எண்ணாகவே வைத்திருக்கும் லென்ஸை எஃப்/8இல் அளப்பது வீண் வேலை.

நிறக்கசிவை மென்பொருள் நீக்கிவிடும், பிறகு ஏப்போ எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இங்கேதான் மறுப்புக்கு வலுவான ஆதாரம் கிடைக்கிறது. அது அதே பெர்லின் மேடையிலேயே இருந்தது, பலரும் கவனிக்கவில்லை.

கண்ணாடி வழியே செல்லும்போது நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் விலகுகின்றன. சாதாரண லென்ஸில் இரண்டு நிறங்கள் ஒரே குவியத்தில் சேரும்படி திருத்தப்பட்டிருக்கும், மூன்றாவது நிறம் சற்று முன்போ பின்போ குவியும். மூன்று நிறங்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் ஏப்போ. எர்ன்ஸ்ட் ஆபே 1886இல் யேனா நகரில் நுண்ணோக்கிகளுக்காக இதைச் சாதித்தார். ஓட்டோ ஷாட் உருவாக்கிய புதுவகைக் கண்ணாடிகளும், இயற்கையில் கிடைக்கும் ஃப்ளோரைட் படிகமும் அவருக்குத் துணை நின்றன. (புகைப்பட லென்ஸ்களில் ஏப்போ என்று பொறித்துக்கொள்வதற்குக் கண்டிப்பான பொது அளவுகோல் கிடையாது. விளம்பரத்துக்காக அந்த மூன்றெழுத்தைச் சேர்த்துக்கொண்ட லென்ஸ்களும் சந்தையில் உண்டு.) நிறப்பிரிகையில் வழக்கத்துக்கு மாறாக நடக்கும் கண்ணாடிகள் இதற்குத் தேவை. அவற்றில் பல மென்மையானவை, எளிதில் கீறல் விழுபவை, சூடு சற்று மாறினாலே விரிந்து சுருங்குபவை. மெருகேற்றும் மேசையில் அவை விலையைக் கூட்டுகின்றன.

அன்று அந்த லென்ஸோடு அறிவிக்கப்பட்ட கேமரா எம் மோனோக்ரோம். 18 மெகாபிக்ஸல் சென்சார், அதன் மேல் நிறவடிகட்டி கிடையாது, கருப்பு வெள்ளைப் படம் மட்டுமே எடுக்கும். வண்ணக் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பதிவாவதால், கிளையின் விளிம்பில் கசியும் ஊதாநிறத்தை மென்பொருள் அடையாளம் கண்டு வெளுக்கச் செய்யலாம். அப்போதும் குவியம் தப்பிய ஒளி திரும்பிக் குவிவதில்லை, அதன் நிறம் மட்டும்தான் போகிறது. மோனோக்ரோமில் இந்த வழியும் இல்லை. எல்லா நிறங்களும் ஒரே பிக்ஸலில் ஒரே சாம்பலாக விழுகின்றன. நீலம் கொஞ்சம் மங்கியிருந்தால் அது நிறக்கசிவாகத் தெரியாமல் கூர்மை குறைந்ததாகத் தெரியும், எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

ஃபில்டர் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கருப்பு வெள்ளைக்காரர்கள் வானத்தைக் கறுக்கச் செய்ய லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் திருகுவது பழைய வழக்கம். அடர்சிவப்புக்குக் குவியம் தள்ளிப்போகும் லென்ஸில் அப்போது ஃபோகஸ் நழுவும். லென்ஸ் வழியே பார்க்கும் கேமரா என்றால் கண்ணிலேயே பட்டுவிடும். லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண் பார்ப்பது லென்ஸ் வழியே அல்ல, பக்கத்தில் இருக்கும் தனிச் சாளரம் வழியே. முன்னால் சிவப்பு ஃபில்டர் இருப்பதே அந்தச் சாளரத்துக்குத் தெரியாது. ஃபோகஸுக்காக ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் இரண்டு பிம்பங்களும் கச்சிதமாகப் பொருந்தியதாகக் காட்டும், படம் மங்கலாக வந்து நிற்கும். எந்த நிறமானாலும் ஒரே இடத்தில் குவிக்கும் லென்ஸ் இந்த வகைக் கேமராவுக்குத்தான் மற்ற எதையும்விட அதிகம் தேவை.

ரேஞ்ச்ஃபைண்டரின் ஃபோகஸ் துல்லியமே போதாது, அவ்வளவு நுட்பமான லென்ஸ் அதில் வீண் என்று சொன்னவர்களும் உண்டு. கணக்குப் போட்டால் நேரெதிரான விடை வருகிறது. எம்9 கேமராவின் இரு சாளரங்களுக்கும் இடையே 69.25 மி.மீ., பார்வைப் பெருக்கம் 0.68, ஆக நடைமுறைக்கு வரும் அடித்தளம் 47 மி.மீ. கோடும் கோடும் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதில் மனிதக் கண் கெட்டி. இருபது விநாடிக் கோண விலகலைக் கண்டுபிடித்துவிடும் என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் தொலைவில் நேரும் பிழை முன்னும் பின்னும் ஏறத்தாழ 8 மி.மீ. அதே தொலைவில் எஃப்/2இல், ஒரு பிக்ஸல் அளவைத் தாண்டாத மங்கல் என்ற கடுமையான வரம்பை வைத்தாலும், கூர்மையாக விழும் பகுதி 4 செ.மீ.க்குச் சற்று மேல். கேமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று சரியாக அளவெடுத்துப் பொருத்தப்பட்டிருந்தால் பிழை அதற்குள் வசதியாக அடங்கிவிடும். லைக்காவின் எஃப்/0.95 நாக்டிலக்ஸில் அந்தப் பகுதி 2 செ.மீ. ஆகச் சுருங்கும், கண்ணின் பிழை மட்டுமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் நம்பிக்கையோடு ஃபோகஸ் செய்யக்கூடிய அளவில், எவ்வளவு திருத்த முடியுமோ அவ்வளவும் திருத்தப்பட்ட லென்ஸ் வேண்டுமென்றால் எஃப்/2 தான் நியாயமான இடம். லைக்கா பின்னர் மிரர்லெஸ் எஸ்எல் கேமராக்களுக்குச் செய்த ஏப்போ வரிசையையும் எஃப்/2இலேயே வைத்துக்கொண்டது.

வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது என்ற வாதத்தில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 18 மெகாபிக்ஸல் படத்தை 44 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டு, எஃப்/5.6இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்தால், எது எந்த லென்ஸ் என்று சொல்வது கடினம். முழுக்கத் திறந்து எடுத்த படத்தின் மூலைகளைப் பார்த்தால் கடினம் இல்லை. மேலும் கேமரா உடல்கள் மாறிக்கொண்டே இருப்பவை. 2022இல் வந்த எம்11 60 மெகாபிக்ஸல். பத்தாண்டு முன்பு வாங்கிய லென்ஸ் அதிலும் அப்படியே பொருந்துகிறது, சென்சாருக்கு ஈடு கொடுக்கவும் செய்கிறது. ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் இது எதுவும் இல்லாமலே படம் எடுத்தார் என்பதும் உண்மை. 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குட்டையைத் தாண்டும் மனிதரை அவர் எடுத்த படம் கூர்மையானதல்ல. அதிலிருந்து நல்ல படத்துக்குக் கூர்மை கட்டாயமில்லை என்று மட்டும்தான் தெரிகிறது. ஒரு பொருளின் விலை அதன் தயாரிப்புக்குத் தகுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மற்றவர்கள் மலிவாகவே செய்கிறார்களே என்பதுதான் இருப்பதிலேயே கனமான வாதம். 2013இல் ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. எஃப்/1.4 வந்தது, விலை 3,999 டாலர். திருத்தத்தில் அது யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் பன்னிரண்டு வில்லைகள், ஏறத்தாழ ஒரு கிலோ எடை, 77 மி.மீ. ஃபில்டர். அத்தனை பெரிய உருளையை ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்டினால் சாளரத்தில் தெரியும் காட்சியின் கீழ்வலது மூலை லென்ஸாலேயே மறைந்துபோகும். அளவைத் தாராளமாக விட்டால் திருத்தம் எளிதாகிறது. 39 மி.மீ. ஃபில்டருக்குள் அடக்கி, ஃபோகஸ் வளையம் சுழலும்போது உள்தொகுதிகள் வெவ்வேறு அளவில் நகர, அந்த நகர்வோடு ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் வளைவும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் செலவு வைக்கிறது. ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லெண்டர் பெயரில் பின்னாளில் எம் மவுன்ட்டுக்குச் செய்த ஏப்போ-லான்தர் 50 மி.மீ. எஃப்/2 இந்த நெருக்கடியையும் ஏறக்குறையச் சமாளித்துவிட்டது. பத்து வில்லைகள், 49 மி.மீ. ஃபில்டர், எடை 300 கிராமுக்குள், வெளிவந்தபோது விலை ஆயிரம் டாலரை ஒட்டி. படத்தின் தரத்தில் லைக்காவுக்கு மிக அருகில் நிற்கிறது. இன்று ஒருவர் அதை வாங்கினால் அவர் ஏமாந்தவர் அல்ல. ஆனால் அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது, அளவிலும் சற்றுப் பெரியது. 2012இல் அப்படி ஒன்று எங்கும் இல்லாதபோது சொல்லப்பட்ட தீர்ப்புக்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

விமர்சகர்கள் பற்றிக்கொள்ளாமல் விட்ட ஒரு நியாயமான குறையும் உண்டு. முதலில் வந்த பிரதிகள் சிலவற்றில், எதிர்வெளிச்சத்தில் படத்தின் நடுவே வெளிறிய ஒளித்திட்டு தோன்றியது. பிறகு வந்தவற்றில் அது திருத்தப்பட்டது. ஏழாயிரம் டாலர் வாங்கும் பொருளில் அது மன்னிக்கத்தக்க பிழை அல்ல, விலையைவிட அதுவே கடுமையாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

பெயருக்காகத் தரும் பணம் விலையில் அறவே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானியக் கூலியும் சிறிய எண்ணிக்கையில் நடக்கும் கைவேலையும் போக, லைக்கா என்ற எழுத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு தனியாகத் தெரியும் இடமும் இருக்கிறது. இதே ஏப்போ-சம்மிக்ரானுக்கு 1956ஆம் ஆண்டு சம்மிக்ரானின் சாயலில் உடல் அணிவித்து, லைக்கா ஆர்வலர் சங்கத்தின் பெயரில் ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. உள்ளே அதே எட்டு வில்லைகள், அதே ஐந்து தொகுதிகள், விலை மட்டும் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். சிவப்புப் புள்ளியைப் பற்றிய குற்றச்சாட்டை அந்தக் கூடுதல் தொகையின் மேல் வைத்தால் அதற்கு மறுப்பு இல்லை.