மரை கழன்ற கேஸ்

'அவனா? மரை கழன்ற கேஸ்!' என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தகட்டில் பெட்டி செய்கிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். சிரிக்க மாட்டார்கள்.

பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்குதான். 4 மி.மீ. ஸ்க்ரூவில் மரை ஒரு சுற்று சுற்ற 0.7 மி.மீ. வேண்டும். தகட்டின் கனமே 1 மி.மீ.! அதில் நேராக டேப் போட்டால் ஒன்றரைச் சுற்றுகூடத் தேறாது. நாலு தரம் கழற்றி மாட்டினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். சரி, நட்டை வைத்து வெல்டிங் அடித்தால்? மெல்லிசுத் தகடு அப்பளமாக நெளியும்.

இதற்கு வழி கண்டது, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1942-ல் ஸ்வான்ஸ்ட்ராம் என்பவர் ஆரம்பித்த பென் இன்ஜினீயரிங் கம்பெனி. (அவர்கள் சரக்கின் பெயர் 'பெம்'. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி, யார் செய்த கிளின்ச் நட்டும் பட்டறையில் 'பெம் நட்'தான்.) தகட்டில் ஓட்டை போட்டு, நட்டை வைத்து, பிரஸ்ஸில் நிதானமாக அமுக்கணும். நட்டு, தகட்டைவிடக் கெட்டி. அதனால் தகடுதான் பிதுங்கி, நட்டின் கழுத்தில் இருக்கிற பள்ளத்துக்குள் புகுந்துகொள்ளும். நட்டு வெளியே வராது. சுற்றிலும் இருக்கிற பல்வரிசை தகட்டில் பதிந்துவிடுவதால் சுழலவும் சுழலாது. ஓட்டையின் விளிம்பு அழகாக இருக்கட்டும் என்று சீவிவிட்டால் தொலைந்தது. பிதுங்க வேண்டிய இரும்பையே சீவி எறிந்தாச்சே!

அம்பத்தூரில் ஒரு பட்டறை அண்ணாச்சிக்கு மாசம் ஒரு தரம் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். போன தடவை ஒரு டெபிட் நோட்டை நீட்டினார். 60 பெட்டி ரிட்டர்ன். மூடியைத் திறக்க ஸ்க்ரூவைத் திருப்பினால், உள்ளே நட்டும் கூடவே சுற்றுகிறதாம். மூடிய பெட்டிக்குள் ஸ்பானர் எப்படிப் போகும்? ஒவ்வொரு ஸ்க்ரூ தலையையும் டிரில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அந்தக் கூலி, வண்டி வாடகை, மறுபடி பெயிண்ட்... மாச லாபம் மொத்தமும் காலி. நட்டு விலை அதில் எள்ளளவு.

விசாரித்தால், பிரஸ்ஸில் வேறு வேலை ஓடுகிறது என்று புதுசாய்ச் சேர்ந்த பையன் சுத்தியலால் தட்டி இறக்கியிருக்கிறான். பார்வைக்கு லட்சணமாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் சுத்தியல் அடி கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். தகடு பிதுங்கிப் பள்ளத்துக்குள் போக அவகாசமே கிடைக்காது.

"உள்ளே போயிடுச்சே அண்ணாச்சி!" என்றானாம்.

"போனாப் போதுமாலே? பிடிக்கணும்லா!"

பையனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சுத்தியல் மட்டும் இப்போது அண்ணாச்சியின் மேஜை டிராயரில், செக் புக்குக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது.