கற்ஸ்பியைக் காதலன் எண்டு கொண்டாடாதேங்கோ

ஸ்கொட் பிற்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கற்ஸ்பி' 1925இல் வந்த நாவல். நூறு வருசமாகியும் அதைப் பற்றிக் கதை தொடங்கினால் கனபேர் வந்து நிற்கிற இடம் ஒண்டுதான்: பாவம் கற்ஸ்பி, டெய்சி ஏமாத்திப் போட்டாள். 2013இல் வந்த படத்தில் டிகாப்ரியோ கிளாசைத் தூக்கிச் சிரிக்கிற காட்சியை ஸ்டேட்டஸ் போடுற எங்கட பெடியளும் இதைத்தான் சொல்லுறாங்கள். எனக்கு இந்த வாசிப்பில் கடும் கோபம் இருக்கு.

கற்ஸ்பி டெய்சியிடம் என்ன கேட்கிறான்? தன்னோடு வா என்று மட்டுமில்லை. புருசன் ரொம்மை ஒருநாளும் காதலிக்கவில்லை என்று அவனுக்கு முன்னாலேயே சொல்லச் சொல்கிறான். தான் இல்லாமல் அவள் வாழ்ந்த ஐந்து வருசமும் நடக்காததுபோல இருக்கவேணுமாம். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கு. ரொம்மையும் ஒருகாலம் காதலித்தேன் என்று டெய்சி உள்ளதைச் சொன்னதும் அவனால் தாங்க ஏலாமல் போகிறது. அவன் காதலிக்கிறது தன்ர கனவில் இருக்கிற டெய்சியை.

அடுத்தது மேர்ட்டில். சாம்பல் மேடுகளுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிற வில்சனின் மனைவி, ரொம்மின் கள்ளக்காதலி. கற்ஸ்பியின் காரை டெய்சி ஓட்டிவரும்போது அடிபட்டுச் சாகிறாள். கார் நிற்காமலே போகிறது. அன்றிரவு கற்ஸ்பி காரை ஒளிச்சுப்போட்டு, டெய்சியின் வீட்டுக்கு வெளியே காவல் நிற்கிறான். பழியைத் தானே ஏற்கவும் தயார். அது தியாகம் எண்டு நாங்கள் உருகிறம். ரோட்டில் கிடந்தவளுக்காக அவன் காவல் நிற்கவில்லையே!

கடைசியில் சாகிறது ஆர்? மேர்ட்டில், கற்ஸ்பி, வில்சன். மூன்று பேரும் காசுக்காரக் குடும்பத்தில் பிறக்காத ஆக்கள். கற்ஸ்பியும் வட டகோட்டாவின் ஏழை விவசாயி மகன்தான். கள்ளச்சாராயக் காசில் மாளிகைக்கு வந்தவன். ரொம்மும் டெய்சியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்கள்.

டெய்சி நல்லவள் எண்டு நான் சொல்ல வரேல்லை. கதை சொல்லுற நிக் கற்ஸ்பியில் மயங்கினவன். அவன்ர கண்ணாலதான் நாங்கள் எல்லாத்தையும் பாக்கிறம். ஆனால் மேர்ட்டிலின் உடம்பை அவன் மறைக்கேல்லை; நாங்கள்தான் தாண்டிப் போறம். அடுத்தமுறை கற்ஸ்பிக்காக அழமுதல் ஏழாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசிச்சிட்டு வாங்கோ, கதைப்பம்.