கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

மரக்காணம் உப்பளங்களில் மழை இறங்கினால் பாத்தி கரைகிறது. பாத்தி கரைந்தால் கூலியும் கரைகிறது. கண் கூசும் வெயிலில், கால் வெடிக்கும் உப்பு நீரில் நின்று உப்பு வாரும் ஆணுக்கும், தலைச்சுமையாய் அதை அம்பாரத்தில் சேர்க்கும் பெண்ணுக்கும் ஐப்பசி முதல் வேலை கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த அளங்களெல்லாம் வெள்ளத்தில் மூழ்கின.

இவர்களுக்கு சர்க்கார் தருவது என்ன? 2022இல் தமிழக சர்க்கார் தொடங்கிய மழைக்கால நிவாரணம், குடும்பத்துக்கு 5,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, மழைக்காலம் முழுமைக்கும்! கூடுதலாகக் கேட்டால் கஜானாவில் பணமில்லை என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது.

கஜானாவில் பணமில்லையா? பார்ப்போம்.

2023 ஜூனில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி குஜராத்தின் சானந்தில் மின்னணுச் சில்லு ஆலை அமைப்பதாக அறிவித்தது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். இதில் கம்பெனி போடுவது 82.5 கோடி டாலர் மட்டுமே. செலவில் பாதியை டில்லி சர்க்கார் கொடுக்கிறது. ஐந்தில் ஒரு பங்கைக் குஜராத் சர்க்கார் கொடுக்கிறது. ஒரு ரூபாயில் 70 காசு நம்முடையது, 30 காசு கம்பெனியுடையது. ஆலையோ முழுக்க முழுக்கக் கம்பெனியுடையது! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான்.

மொத்தச் செலவு சுமார் 22,500 கோடி ரூபாய். அதில் 70 சதவீதம் 15,700 கோடிக்கும் மேல். நேரடி வேலை 5,000 பேருக்கு என்கிறார்கள். ஒரு வேலைக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் பொதுப்பணம்! மறைமுக வேலை 15,000 என்று அவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வேலைக்கு 78 லட்சம். அது டில்லிப் பணம், இது சென்னைப் பணம் என்று சிலர் பிரித்துப் பேசுவார்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டும் நம் மடியிலிருந்துதான் இரண்டு பெட்டியும் நிரம்புகின்றன.

சொந்த ஆலையின் கதை என்ன? மொகாலியில் பொதுத்துறைச் சில்லு ஆலை 1984இலேயே உற்பத்தியைத் தொடங்கியது. 1989இல் அது தீயில் எரிந்தது. அதை எடுத்து நிறுத்தி உலகத்தோடு போட்டியிட வைக்கும் அளவுக்கு எந்த சர்க்காரும் கை திறக்கவில்லை. இன்று அந்நியன் வந்தால் மட்டும் கை தானாகத் திறக்கிறது!

"மானியம் கொடுக்காவிட்டால் மூலதனம் வராது, வேலை வராது" என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. அவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்க் கேட்கட்டும். 2005இல் நோக்கியாவோடு தமிழக சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. நிலம், வரிச் சலுகை, கட்டிய வரியைத் திருப்பித் தருவது எனச் சீர்வரிசை குறைவில்லாமல் போயிற்று. 2006இல் ஆலை திறந்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். சலுகையை அனுபவித்தவன் போய்விட்டான். உழைத்தவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

உப்புக்கும் இந்த ஆபத்து வந்தது, தோழர்களே! வெள்ளையன் ஆட்சியில் இங்கிலாந்தின் செஷயர் உப்பு கப்பல் கப்பலாக வந்து வங்காளத்தின் உப்புத் தொழிலை அழித்தது. சுதந்திர இந்தியாவில், 1993இல், அமெரிக்காவின் கார்கில் கம்பெனிக்குக் குஜராத்தின் காண்ட்லா துறைமுக நிலத்தில் 15,000 ஏக்கர் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆண்டுக்கு 10 லட்சம் டன் உப்பு எடுப்பது திட்டம். தண்டி யாத்திரை நடந்த அதே குஜராத்தில்! சிறு உப்பளக்காரர்களும் தொழிலாளர்களும் சீறி எழுந்தார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் போன்றோர் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. பெர்னாண்டஸ் பின்னாளில் போன பாதை வேறு. ஆனால் அன்று மக்கள் நின்ற உறுதியை யாரும் மறைக்க முடியாது. அந்த ஆண்டிலேயே கார்கில் மூட்டை கட்டியது. காண்ட்லாவில் நடக்கவிருந்தது நாளை மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் நடக்காது என்பதற்கு, விழித்திருக்கும் மக்களைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

அந்நிய நாட்டுத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1955இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் செய்து பிலாய் உருக்காலையைக் கட்டினோம். குறைந்த வட்டியில் கடன் வாங்கினோம். ஆலை நமக்குச் சொந்தமாயிற்று. அதே சோவியத் உதவியோடு எழுந்த நெய்வேலி அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே பணம் போட்டவன் மக்கள், உடைமையும் மக்களுடையது. இங்கே பணம் மக்களுடையது, உடைமை கம்பெனியுடையது. வித்தியாசம் இதுதான்!

மானியம் வாங்கும் முதலாளி தொழிலாளியின் சங்கத்தை மட்டும் சகிக்க மாட்டான். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சங்கத்தின் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்தான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

பொதுப்பணம் எத்தனை பங்கோ, ஆலையில் அத்தனை பங்கு பொதுத்துறைக்கு வேண்டும்.

கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தங்களைச் சட்டசபையிலும் மக்கள் மன்றத்திலும் வைக்க வேண்டும்.

நிரந்தர வேலையும் சங்க உரிமையும் மானியத்தின் நிபந்தனையாக வேண்டும். ஆலையை மூடினால் வாங்கியதை வட்டியோடு கக்க வேண்டும்.

மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு நிவாரணம் வேண்டும்.

இது பிச்சை அல்ல. 15,700 கோடியை, 5,000 ரூபாய் வீதம், மூன்று கோடிக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம்! பணம் இருக்கிறது, யாருக்கு என்பதே கேள்வி. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். சர்க்கார் பதில் சொல்லியே தீர வேண்டும்!