எங்கே தப்பித்துப் போனீர்கள்?

நாவல் படிப்பவர்களைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. வாழ்க்கையை நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லாதவர்கள், கதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். ஆபீசில் மேலதிகாரி சொல்வார். “உருப்படியா ஏதாவது படிக்கக் கூடாதா?” என்று அப்பா மகளிடம் சொல்வார். உருப்படி என்றால் பொது அறிவு, சுயமுன்னேற்றம், பங்குச்சந்தை, மிஞ்சிப்போனால் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு. சொல்லி முடித்த கையோடு, யார் வீட்டுப் பூனையோ குட்டிக்கரணம் போடுவதை ராத்திரி பதினொன்றரை வரை செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அது தப்பித்தலில் சேராது போலும்.

இலக்கியம் தெரிந்தவர்களிடம் இதே நம்பிக்கை வேறு சட்டை போட்டு வருகிறது. அவர்கள் கதைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வைப்பவை ஒரு பக்கம், மறக்க வைப்பவை மறுபக்கம். முதல் வகையைப் படிப்பவர் வாசகர். இரண்டாவதைப் படிப்பவர் பாவம். இந்தப் பாகப்பிரிவினையும் எனக்குச் சம்மதமில்லை. மறப்பதும் யோசிப்பதும் ஒரே வாசிப்பில், சில நேரம் ஒரே பக்கத்தில் நடக்கின்றன. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். சாட்சிகளெல்லாம் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

முதல் சாட்சி பூஜப்புரை மத்திய சிறை. 1940களின் தொடக்கத்தில் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் அங்கே கைதி. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து எழுதியதற்குத் தண்டனை. தப்பித்துப் போக ஆசைப்பட ஒரு மனிதனுக்கு இதைவிட நியாயமான இடம் கிடையாது. அங்கே இருந்துகொண்டு அவர் எழுதியது ‘பிரேமலேகனம்’. 1943ல் புத்தகமாக வந்தது. வங்கி குமாஸ்தா கேசவன் நாயர், வேலை தேடி அலுத்துப்போன சாறாம்மாவுக்கு ஒரு வேலை தருகிறான். அவனைக் காதலிக்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டு. அவன் நாயர், அவள் கிறிஸ்தவப் பெண். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்த மதத்துப் பெயரும் வேண்டாமென்று சீட்டுக் குலுக்கிப் போட்டு ‘ஆகாச மிட்டாய்’ என்று பெயர் கண்டுபிடிக்கிறார்கள். சிறைச்சாலையின் வாடையே இல்லாத சிரிப்புக் கதை. நம் பந்தி நண்பர் பார்த்தால் இதோ அசல் தப்பித்தல் என்று இலையிலிருந்து கையை எடுத்துச் சுட்டிக்காட்டுவார். திருவிதாங்கூர் சர்க்கார் அப்படி நினைக்கவில்லை. புத்தகத்தைத் தடைசெய்தது. வாழ்க்கையோடு சம்பந்தமில்லாத ஒரு புத்தகத்துக்கு எந்த அரசாங்கம் மெனக்கெட்டுத் தடை போடும்? ஜாதியையும் மதத்தையும் வரதட்சிணையையும் பார்த்து இரண்டு பேர் சிரித்தால், அந்தச் சிரிப்பு யார் தலையில் விழும் என்பது ஆள்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. படிப்பவர்களைக் கேலி செய்கிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இருபது வருஷம் கழித்து அதே சிறையை வைத்து பஷீர் ‘மதிலுகள்’ எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. நாராயணி வந்து நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே அவள் எறியும் ஒரு காய்ந்த சுள்ளி. சுள்ளி ஆகாயத்தில் எழும்பியதும் இந்தப் பக்கத்துக் கைதி சுவரோரம் ஓடுவார். பேச்சு மட்டும்தான், முகம் பார்த்ததில்லை. பார்க்கப்போகிற வேளையில் விடுதலை உத்தரவு வருகிறது, கதையில் அதுதான் தண்டனை. சுள்ளி எழும்பும் பக்கங்களைப் படிக்கிறவன் ஜெயிலை மறந்து காதலில் கிடக்கிறான். அதே பக்கங்களில்தான், விடுதலை என்று நாம் சொல்வது எதை என்ற கேள்வியும் அவன் சட்டையைப் பிடிக்கிறது. இதில் எந்த வரி தப்பித்தல், எந்த வரி சிந்தனை? பிரித்துக் காட்டுகிறவருக்கு என் நமஸ்காரம்.

அடுத்த சாட்சி கிழக்கே கோட்டைக்குப் பக்கத்தில். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் எழுந்த சாலைக் கடைத்தெரு. பாதி வியாபாரம் தமிழிலும் மீதி மலையாளத்திலும், சண்டை இரண்டும் கலந்தும் நடக்கும் இடம். இங்கே கடை வைத்துப் பிழைத்தவர் ஆ. மாதவன் (1934–2021). கல்லாவில் உட்கார்ந்து அவர் பார்த்த சுமடு தூக்குபவர்கள், கேடிகள், பிச்சைக்காரர்கள்தாம் அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’. கதை என்பது உலகத்தை விட்டு ஓடுவதற்கென்றால், சாலைக்காரர் ஒருவர் சாலையையே ஏன் எழுதினார்? வேறு எங்காவது நல்ல காற்று வீசும் இடமாகப் பார்த்து எழுதியிருக்கலாமே.

எழுதியவர்களின் தொழிலைப் பார்த்தாலே இந்தக் குற்றச்சாட்டு ஆட்டம் காண்கிறது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர். மலையாளத்தில் ‘இந்துலேகா’ (1889) எழுதிய சந்துமேனோனும் முன்சீப். ஊராரின் சொத்துத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். வாழ்க்கை என்னவென்று இவர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சந்துமேனோன் ஆங்கில நாவல்களில் மூழ்கியபோது, கூட இருந்தவர்கள் தங்களை அவர் கவனிப்பதில்லை என்று குறைப்பட்டார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர்களைச் சமாதானப்படுத்தக் கதையை வாயால் சொல்லப்போய், அது ‘இந்துலேகா’வில் முடிந்தது. ஆக, இந்தப் புகாருக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதனால் அதற்கு மரியாதை கூடிவிடாது.

மாதவனின் ‘நாயனம்’ கதைக்கு வருகிறேன். ஒரு பெரியவர் இறந்துவிட்டார். குளிப்பாட்டி, புதுத் துணி உடுத்திக் கிடத்தியாகிவிட்டது. நாயனம் இல்லாமல் எடுத்துப்போவது கௌரவமில்லை. ஆனால் நாயனக்காரர் கிடைக்கவில்லை. ஆள் அனுப்பியிருக்கிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. அழுதவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். வந்தவர்களுக்குப் பசி. சீக்கிரம் எடுத்தால் வீட்டுக்குப் போகலாமே என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒருவழியாக ஓர் ஆளைப் பிடித்து வருகிறார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. பிணம் முன்னே போக, அந்தச் சகிக்க முடியாத சத்தமும் கூடவே போகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

சாவு வீட்டில் காத்திருந்த யாருக்கும் இந்தக் கதையில் தப்பித்து ஓட ஒரு சந்து இல்லை. துக்கத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தோமே, சாப்பாடு எப்போது என்று உள்ளுக்குள் கேட்டோமே, அதை நாம் யாரிடமும் சொன்னதில்லை. தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் இது இருக்காது. சுயமுன்னேற்றப் புத்தகத்தில் நிச்சயம் இருக்காது. சாலையில் கடை வைத்திருந்த ஒருவருக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் நம்மைத் திட்டாமல் பக்கத்தில் நின்று காட்டிவிடுகிறார். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன.

நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுர’மும் (1970) அப்படித்தான். மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்தவர் எழுதியது. மனைவி விட்டுப் போன அனந்தன் நாயர், பத்மநாப சுவாமி கோயிலில் தொடங்கி இதே ஊரின் தெருக்களில் பழைய நினைவுகளோடு நடக்கிறார். அவர் நடக்கிற பாதையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவன் நான். நாவல் என்னை ஊரை விட்டு ஓர் அடிகூட வெளியே கொண்டுபோகவில்லை. (இதே ஊரில் எழுதிய நகுலனை இந்த வழக்கில் இழுக்கவில்லை. அவரைப் படிப்பதைத் தப்பித்தல் என்று அவருடைய எதிரிகூடச் சொன்னதில்லை. அவரிடமிருந்து தப்பித்த வாசகர்கள்தான் அதிகம்.)

சரி, நிஜமாகவே தப்பிப்பதற்குப் படிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போனால் பார்க்கலாம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். நோயாளிக்குத் துணைக்கு வந்தவரை இங்கே ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். அப்படி ஓர் அம்மாள் மடியில் ஸ்கேன் கவரை வைத்து, அதன் மேலே ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல் ஒன்றை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். பக்கத்தின் முனையை மடித்தார். கணவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். கவரைச் சரிபார்த்தார். உள்ளே போனார். ஓடிப்போகிறவர் என்று இவரையா சொல்கிறோம்? கொலைகாரன் யார் என்ற கவலை, இன்னொரு கவலையை அரைமணி நேரம் தள்ளி வைத்திருந்தது. அந்த அரைமணி நேரத்துக்கு ராஜேஷ்குமாருக்கு நன்றி சொல்வேனே தவிர, இலக்கியத் தரம் போதாது என்று குறுக்கே நிற்க மாட்டேன்.

இப்போது உருப்படியான படிப்பைப் பார்ப்போம். பாளையத்தில் இருக்கிறது மாநில மத்திய நூலகம். 1829ல் தொடங்கியது, இந்தியாவின் முதல் பொது நூலகம் என்று பெயர். வாசிப்பு அறையில் இளைஞர் கூட்டத்துக்குக் குறைவில்லை. பலர் கையில் இருப்பது பி.எஸ்.சி. பரீட்சைக்கான ‘ரேங்க் ஃபைல்’ என்ற வழிகாட்டிப் புத்தகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கார் வேலை கிடைப்பது லேசா? ஆனால் அந்தப் படிப்பில் நாவல் எப்படி வருகிறது என்று பாருங்கள். ‘செம்மீன்’ எழுதியவர்? தகழி. வெளிவந்த ஆண்டு? 1956. சாகித்ய அகாதெமி விருது? 1957. அவ்வளவுதான், அதன் நாயகி கறுத்தம்மாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடற்கரையில் பிறந்த ஒருத்தி யாரை நேசிக்கக் கூடாது என்று யார் முடிவுசெய்தார்கள் என்பது ஒரு மார்க்குக்கும் பெறாது. சுந்தர ராமசாமி தமிழில் கொண்டுவந்த அந்த நாவலைத் திறக்காமலே அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். இதற்குப் பெயர் அறிவு, அதைப் படித்து ராத்திரி தூக்கம் கெட்டவளுக்குப் பெயர் கனவுலகவாசி!

கதைகளுக்காக வாதாட வருகிற நண்பர்களும் சில நேரம் எதிர்க்கட்சிக்கே சாட்சி சொல்லிவிடுகிறார்கள். கதை படித்தால் பண்பு வளரும், அடுத்தவர் மனம் புரியும் என்று பட்டியல் போடுவார்கள். 2013ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இலக்கியக் கதைகளைக் கொஞ்சம் படித்தாலே பிறர் மனநிலையை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்றது. உலகமே கைதட்டியது. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. கைதட்டியவர்கள் சத்தமில்லாமல் கலைந்துவிட்டார்கள். 1945ல் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கி ஊர் ஊராக நூலகம் திறந்த பி.என். பணிக்கர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் பெயரால் ஜூன் 19ல் கொண்டாடும் வாசிப்பு தினத்தில் ‘வாசித்தால் வளரலாம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, எதற்கு வளர வேண்டும் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. நாவல் ஊட்டச்சத்து மாத்திரை இல்லை. நிறைய நாவல் படித்த கெட்டவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலன் கேட்டு வருகிறவர்களுக்குப் பலன் காட்டப் போனால், பலன் தெரியாத அன்றைக்குப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

நம் பந்தி நண்பர் தன் வீடு, உறவு, நட்பு, தூக்கம் எதற்கும் மாத முடிவில் வரவுசெலவுக் கணக்கு கேட்பதில்லை. கதையிடம் மட்டும் கேட்கிறார். கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் பள்ளிப் பாடத்துக்கு வெளியே ஒரு நாவலும் முழுசாகப் படித்ததில்லை என்பதுதான் என் சந்தேகம். பார்க்காத ஊரைப் பற்றி, அங்கே போகிறவர்கள் எல்லாம் ஓடிப்போகிறவர்கள் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அவர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘நாயனம்’ சின்னக் கதை. ஒரு பஸ் பயணத்துக்குள் முடிந்துவிடும். படித்துவிட்டு வாருங்கள். எங்கே தப்பித்துப் போனீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் பேசுவோம்.